இலவச மென்பொருளுக்கும் வாடகை உண்டு

நேயர்களுக்கு வணக்கம். சின்னத் தொண்டு நிறுவனங்களில் அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் படும் பாட்டைச் சொல்ல வந்திருக்கிறேன். நன்கொடை எவ்வளவு வந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நிதி கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே, அந்த மென்பொருள்தான். இதற்கு உதவும் சிவிசிஆர்எம் என்ற திறமூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருள், 2005 முதலே இலவசமாகக் கிடைக்கிறது.

மென்பொருள் இலவசம், சரி. அது குடியிருக்க ஒரு சர்வர், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினி, வேண்டாமா? பெரும்பாலும் இருப்பதிலேயே மலிவான ஹோஸ்டிங்கைத்தான், அதாவது சர்வரில் வாடகை இடத்தைத்தான், எடுப்பார்கள். அது ஒண்டிக்குடித்தனம், ஒரே எந்திரத்தில் ஏகப்பட்ட இணையதளங்கள். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. ஆண்டுக் கடைசியில் கணக்காளர் பன்னிரண்டு மாத அறிக்கைக்குப் பொத்தானை அழுத்துவார். திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், அப்புறம் வெறும் வெள்ளைத் திரை. பிஎச்பி மொழியில் எழுதிய மென்பொருள் இணையத்தில் ஓட வழக்கமாகக் கிடைக்கும் நேரம் 30 விநாடி, நினைவகம் 128 எம்பி. கணக்குப் பாதியில் இருக்கும்போதே சர்வர் கதவைச் சாத்திவிடும். இந்த வரம்பை மாற்றலாம்தான். ஆனால் மலிவான ஹோஸ்டிங்கில் பல இடங்களில் அதைத் தொடவே விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர் மாதம் மாதமாக எடுத்து எக்செல்லில் ஒட்டினார். அந்த ஒட்டு வேலை வேண்டாம் என்றுதானே மென்பொருளுக்கே வந்தோம்!

தனி சர்வர் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். அதைப் புதுப்பிப்பதும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அப்புறம் நம் தலையில். நிதி கொடுப்பவர்களோ திட்டத்துக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள், 'சர்வர் வாடகை' என்ற வரியைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள்.

இனி என் பழைய பல்லவி. என்னைத் தெரிந்தவர்கள் இந்நேரம் வானொலியை அணைத்திருப்பார்கள். பேக்கப், அதாவது தரவுக்கு ஒரு மாற்று நகல்! "அதெல்லாம் இருக்கிறது" என்பார்கள். எங்கே என்று கேட்டால், அதே சர்வரில். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுவதும் போனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று.

சரி, வேறு இடத்தில் வைத்தால் போதுமா? போதாது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுகிறவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் கைதவறி முக்கியமான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றுகூட நம்பியபடி கைகொடுக்கவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. நடுவில் பதிவானவை திரும்பவில்லை. நாள் முழுக்க சர்வரோடு புழங்குகிறவர்களுக்கே இந்தக் கதி.

அதனால் பேக்கப்பை வேறொரு எந்திரத்தில் ஏற்றிப் பாருங்கள். போன மாத அறிக்கையை அதிலிருந்து எடுத்து, கூட்டுத்தொகை பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், எடுத்து வைத்தால் போதாது, ஏற்றிப் பாருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. நன்கொடையாளர் விவரங்களின் பாதுகாப்பைத் தனியாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும். டொமைன் என்கிற இணையதள முகவரியும் ஹோஸ்டிங் கணக்கும் யாரோ ஒரு தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அவர் விலகிய பிறகும் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். இந்த வாரமே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள், விலகியவர்களின் கணக்குகளையும் மூடிவிடுங்கள். வணக்கம்.