மஞ்சள் மனை பச்சைப் பூங்கா ஆகணும்னா என்ன பண்ணணும்?

[திரையில்: கம்பி வேலி. உள்ளே சீமைக் கருவேலம். வேலியில் துருப்பிடித்த தகரப் பலகை.]

வணக்கம்.

இந்தப் பலகையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. "பூங்காவிற்கு ஒதுக்கப்பட்ட இடம்." பெயின்ட் உரிஞ்சு பாதி எழுத்துதான் மிச்சம் இருக்கு. வேலிக்கு உள்ளே யாரோ வீடு இடிச்சுக் கொட்டின செங்கல், உடைஞ்ச வாஷ்பேசின் ஒண்ணு, அதுக்கு நடுவுல முளைச்ச கருவேலம். பக்கத்துத் தெருப் பிள்ளைங்க ரோட்டுலதான் கிரிக்கெட் ஆடுறாங்க. பைக் வந்தா ஸ்டம்புக்கு வெச்ச செங்கலைத் தூக்கிட்டு ஓரமா ஒதுங்குறாங்க. வண்டி போனதும் திரும்ப வெச்சு ஆடுறாங்க.

இந்தத் தெருவுக்காவது ஒரு பலகை இருக்கு. பல ஏரியாவுல அதுவும் கிடையாது. அங்கீகாரம் இல்லாம மனை பிரிச்சு வித்த இடங்கள்ல பூங்காவுக்குன்னு இடமே விட்டிருக்க மாட்டாங்க. அந்த மாதிரி மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017ல விதி கொண்டு வந்துச்சு. மனைக்கு அங்கீகாரம் கிடைச்சிருச்சு. ஆனா பத்து வருஷம் முன்னாடி விடாத பூங்கா அதனால வந்துடாதே. அப்ப அந்த மக்கள் என்ன பண்றது? காலியா இருக்கிற ஒரு குடியிருப்பு நிலத்தைப் பூங்காவா மாத்த முடியுமா?

முடியும். எப்படின்னு பார்ப்போம்.

[திரையில்: நில உபயோக வரைபடம். மஞ்சள் பரப்பு. அங்கங்கே சின்னச் சின்னப் பச்சை.]

சென்னைப் பெருநகருக்கு ஒரு முழுமைத் திட்டம் உண்டு. மாஸ்டர் பிளான்னு சொல்றோமே, அதுதான். 2008 செப்டம்பர்ல அமலுக்கு வந்தது இரண்டாவது முழுமைத் திட்டம், 2026 வரைக்கும் கணக்கு வெச்சுப் போட்டது. சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தயாரிச்சது. சென்னைக்கு வெளியே இருக்கிற ஊர்களுக்கு டி.டி.சி.பி., அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம். உங்க நிலம் எந்த சர்வே எண்ணோ, அதுக்கு என்ன உபயோகம்னு இந்தத் திட்டத்துல குறிச்சிருப்பாங்க. வரைபடத்துல குடியிருப்பு மஞ்சள். திறந்தவெளி, பொழுதுபோக்குன்னா பச்சை.

நில உபயோக மாற்றம்னு நாம கேள்விப்படுறது பெரும்பாலும் ஒரே திசையில நடக்கும். வயல் வீடாகும், வீடு கடையாகும். மஞ்சள்ல இருந்து பச்சைக்குப் போறதுக்கும் அதே சட்டம், அதே வழிதான். 1971ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 32. முழுமைத் திட்டத்துல திருத்தம் பண்ண இடம் கொடுக்கிற பிரிவு அது.

இங்க ஒரு கேள்வி வரும். குடியிருப்புப் பகுதியில பூங்கா அமைக்கிறதுக்குத் தடை எதுவும் இல்லையே? நிலம் மாநகராட்சி கையில இருந்தா மஞ்சள்லயே மரம் நட்டு, பெஞ்ச் போட்டு, கேட்டைத் திறந்துடலாம். பின்ன எதுக்கு நிறம் மாத்தணும்?

நாளைக்காக. மஞ்சள்லயே இருக்கிற பூங்கா, வரைபடத்தைப் பொறுத்தவரைக்கும் இன்னும் கட்டாத மனை. பத்து வருஷம் கழிச்சு அங்க ஒரு அலுவலகம் கட்டலாம், தண்ணித் தொட்டி வைக்கலாம்னு யாருக்காவது தோணினா, நில உபயோகம் அவங்களுக்குக் குறுக்கே நிக்காது. பச்சை ஆயிட்டா நிக்கும். அப்புறம் அதைத் திருப்பி மஞ்சளாக்கணும்னா மறுபடி விளம்பரம் கொடுக்கணும், ஆட்சேபணை கேட்கணும், அரசிதழ்ல போடணும். எல்லாம் ஊருக்குத் தெரிஞ்சு நடக்கும்.

[திரையில்: வரைபடத்தில் ஒரு மனை பச்சையாகிறது. மேலே நாட்காட்டி புரள்கிறது: 1, 2, 3. மனை மறுபடி மஞ்சளாகிறது.]

அடுத்து வர்றதுதான் இந்த வீடியோவுலயே முக்கியமான விஷயம். நிறத்தை மட்டும் மாத்தினா பூங்கா வராது.

அந்த நிலம் ஒரு தனியார் பெயர்ல இருக்குன்னு வெச்சுக்குவோம். வரைபடத்துல பச்சை பூசிட்டோம். பத்திரம் அவர் பெயர்லதான் இருக்கு, பட்டா அவர் பெயர்லதான் இருக்கு. அவரால வீடு கட்ட முடியாது, நல்ல விலைக்கு விக்கவும் முடியாது. நமக்கும் பூங்கா வரலை. ஒரு குடும்பத்தோட சொத்தைக் காகிதத்துல கட்டிப் போட்டது மட்டும்தான் மிச்சம். இது நியாயம் இல்லை. சட்டமும் இதை ரொம்ப நாள் விடுறதில்லை. அதே 1971 சட்டத்துல பிரிவு 38 இருக்கு. பொதுத் தேவைக்குன்னு ஒதுக்கின நிலத்தை, திட்ட அறிவிப்பு அரசிதழ்ல வந்து மூணு வருஷத்துக்குள்ள கையகப்படுத்த அறிவிக்கணும், இல்லை பேசி வாங்கணும். ரெண்டும் நடக்கலைன்னா அந்த ஒதுக்கீட்டுல இருந்து நிலம் விடுபட்டதா எடுத்துக்கணும்னு அந்தப் பிரிவு சொல்லுது. இதை வெச்சு நில உரிமையாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கியிருக்காங்க. திட்டத்துல பூங்கான்னு போட்டிருந்த இடத்துல திடீர்னு அப்பார்ட்மென்ட் எழும்புதேன்னு நீங்க அதிர்ச்சி ஆகியிருந்தா, காரணம் பல சமயம் இதுதான். யாரோ ஏமாத்தினாங்கன்னே இருக்கணும்னு இல்லை. பணம் ஒதுக்காம நிறத்தை மட்டும் ஒதுக்கினாங்க, கெடு முடிஞ்சிருச்சு.

பணம்னா எவ்வளவு? சும்மா ஒரு கணக்குக்கு: அஞ்சு கிரவுண்டு, அதாவது 12,000 சதுர அடி. சதுர அடி 4,000 ரூபாய்னு வெச்சா 4 கோடியே 80 லட்சம். கட்டாயமா கையகப்படுத்தினா 2013ஆம் வருஷ நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி சந்தை மதிப்போட இன்னொரு 100 சதவீதம் ஆறுதல் தொகை சேர்த்துக் கொடுக்கணும். 9 கோடியே 60 லட்சம். ஒரு வார்டு பூங்காவுக்கு எந்த மாநகராட்சி மன்றமும் அவ்வளவு சுலபமா ஒதுக்குற தொகை இல்லை. அதனால முதல்ல தேட வேண்டியது தனியார் மனையை இல்லை, ஏற்கெனவே பொதுச் சொத்தா இருக்கிற நிலத்தை. அரசுப் புறம்போக்கு, பயன்படாம நிக்கிற மாநகராட்சி இடம், பழைய பணியாளர் குடியிருப்பு இடிஞ்சு காலியான மனை. இவை வரைபடத்துல மஞ்சள்ல இருந்தாலும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாநகராட்சி இடம்னா மன்றத் தீர்மானம் போதும், அப்புறம் நிற மாற்றம்.

[திரையில்: மனைப்பிரிவு வரைபடம். சாலைகள் சாம்பல், மனைகள் மஞ்சள், ஓரத்தில் ஒரு பச்சைக் கட்டம்.]

இன்னொரு வகை நிலம் ஓ.எஸ்.ஆர். திறந்தவெளி ஒதுக்கீடு. நம்ம ஊர்ல பூங்கா நிலம் அதிகமா வர்ற வழி இதுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சாலோ கட்டினாலோ, சாலை போக மீதி இருக்கிற பரப்புல 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகணும். 3,000ல இருந்து 10,000 வரைன்னா, நிலமா கொடுக்க முடியாத நிலையில அதுக்கு ஈடான பணத்தைக் கட்டலாம். இந்த விதியே செல்லாதுன்னு ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2023 பிப்ரவரியில விதி செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு.

10 சதவீதம்னா கண்ணுக்கு எவ்வளவு தெரியும்? ரெண்டரை ஏக்கர் எடுத்துக்குவோம். 10,117 சதுர மீட்டர். சாலைக்கு முப்பது சதவீதம் போச்சுன்னா மீதி சுமார் 7,080. அதுல பத்துல ஒரு பங்கு 708 சதுர மீட்டர், மூணு கிரவுண்டு சொச்சம். இருபதுக்கு முப்பத்தஞ்சு மீட்டர் இடம். இவ்வளவுதானான்னு தோணும். ஆனா வேலியை ஒட்டி உள்பக்கமா ஒரு நடைபாதை போட்டா ஒரு சுத்து கிட்டத்தட்ட நூறு மீட்டர். பத்து சுத்துல ஒரு கிலோமீட்டர். முட்டி வலியோட மெயின் ரோட்டைத் தாண்டி நடக்கப் போக முடியாத அம்மாவுக்கு அது போதும். நடுவுல ஒரு வேம்பு, ரெண்டு புங்கை, மணல் கொட்டின இடத்துல ஒரு சறுக்கு, ஓரத்துல நாலு பெஞ்ச். மழைத்தண்ணி இறங்க ஒரு மூலையைத் தாழ்வா விட்டா அந்தத் தெருவுல தேங்குற தண்ணியும் கொஞ்சம் குறையும். சென்னை மாநகராட்சி ஸ்பாஞ்ச் பார்க்னு பண்ணிட்டு வர்றது இதைத்தான்.

ஆனா அந்த 708 சதுர மீட்டர் எங்க இருக்குங்கிறது பெரிய விஷயம். விக்கிறதுக்கு ஆகாத முக்கோண மூலை, உயரழுத்த மின்கம்பிக்கு அடியில இருக்கிற துண்டு, இதெல்லாம் பூங்கான்னு வரைபடத்துல வந்து உட்கார்ந்துடும். பொதுச் சாலையில இருந்து நேரா உள்ள போற வழி இருக்கணும்னு விதி சொல்லுது. மனை வாங்கும்போது நம்ம பிளாட் நம்பரை மட்டும் பார்க்கிறோம். அந்தப் பச்சைக் கட்டத்தையும் பாருங்க. மனை விலையில அதுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீங்க.

[திரையில்: தியாகராய நகர், பனகல் பூங்கா. சுற்றிலும் கடைகள், நெரிசல்.]

வரையும்போதே இடம் விட்டா என்ன ஆகும்னு தி.நகர்ல போய்ப் பாருங்க. 1920ல சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்கு அப்புறம் மாம்பலம் ஏரிப் பரப்புல போட்ட திட்டம்தான் தியாகராய நகர். ஏரியைத் தூர்த்து ஊர் கட்டினது இன்னைக்கு வெள்ளம் வரும்போதெல்லாம் உறுத்துற விஷயம், அதை நான் மறைக்கலை. ஆனா அந்த வரைபடத்துல நடுவுல ஒரு பூங்கா விட்டாங்க. பனகல் அரசர் பெயர்ல. தள்ளி இன்னொண்ணு, நடேசன் பெயர்ல. சுத்தி இருந்த பங்களா எல்லாம் ஜவுளிக்கடை, நகைக்கடை ஆயிருச்சு. அந்த ரெண்டு பூங்காவும் அங்கேயே இருக்கு. மனை விலை ஏறினதுக்கு அப்புறம் அங்க ஒரு பூங்காவுக்கு இடம் வாங்கணும்னா எவ்வளவு ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

விட்ட இடத்தைக் காப்பாத்துறதுக்கும் சட்டம் துணை இருக்கு. 1959ல தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. உள்ளாட்சி தன் பூங்காக்களைப் பட்டியல் போடணும். பட்டியல்ல இருக்கிறதை வேற எதுக்கும் அனுமதி இல்லாமப் பயன்படுத்தக் கூடாது. அதோட பெங்களூர் வழக்கு ஒண்ணு இருக்கு, குடியிருப்போர் சங்கத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில பூங்காவுக்குன்னு விட்ட இடத்தை, 1976ல அரசு உத்தரவு போட்டு ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தாங்க. அந்தத் தெருக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1991 ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிருச்சு. ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானேங்கிற வாதம் அங்க எடுபடலை. பூங்காவுக்கு விட்ட இடம் பூங்காவுக்குத்தான். வழக்குப் போட அக்கம்பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்கு உரிமை உண்டுன்னும் அந்தத் தீர்ப்பு ஏத்துக்கிச்சு. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது இந்த ரெண்டாவது விஷயம்தான்.

[திரையில்: மேசை மேல் புல வரைபடம், பட்டா நகல், ஸ்கேல்.]

சரி, உங்க ஏரியாவுல ஒரு நிலம் கண்ணுல பட்டுருச்சு. எங்க ஆரம்பிக்கிறது?

சர்வே எண்ணைக் கண்டுபிடிங்க. பட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு, இது மூணும் அரசு இணையதளத்துலயே பார்க்கலாம். நிலம் யார் பெயர்ல இருக்கு, என்ன வகை, எவ்வளவு பரப்புன்னு அதுல தெரிஞ்சிரும். நீர்நிலைப் புறம்போக்குன்னு வந்தா அதைப் பூங்காவா கேக்காதீங்க, குளமாவே மீட்டுத் தரச் சொல்லிக் கேளுங்க. வேற வகைன்னா வார்டுல நடக்கிற ஏரியா சபைக் கூட்டத்துல எழுத்து மூலமா கோரிக்கை கொடுங்க. கவுன்சிலர் வழியா மன்றத் தீர்மானம் ஆகணும். நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்கப் போறது நீங்க இல்லை, நிலத்துக்கு உரிமை உள்ள உள்ளாட்சிதான். தீர்மானம் இல்லாம விண்ணப்பம் நகராது.

விண்ணப்பம் போன பிறகு பத்திரிகையில அறிவிப்பு வரும். சர்வே எண், கிராமம், எதுல இருந்து எதுக்கு மாத்துறாங்கன்னு சின்ன எழுத்துல இருக்கும். ஆட்சேபணை சொல்லக் கடைசி நாளும் அதுலயே இருக்கும். எதிர்ப்புக் கடிதம் எழுதுறதுக்கு மட்டும்தான் இந்த அவகாசம்னு பலர் நினைக்கிறாங்க. ஆதரவுக் கடிதமும் எழுதுங்க. ஏன்னா எதிர்ப்பு நிச்சயம் வரும், பூங்காவுக்குப் பக்கத்து வீட்டுல இருந்தே வரும்.

அவங்க சொல்றதைத் தள்ளிவிடாதீங்க. ராத்திரியானா குடிக்கிறவங்க வந்து உட்காருவாங்க. கொசு வரும். ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டுப் போயிருவாங்க. எல்லாமே நடக்கிற விஷயம்தான். ஆளுயர காம்பவுண்டு கட்டினா பாதுகாப்புன்னு நினைக்கிறோம். உள்ளே நடக்கிறது வெளியே தெரியாம மறைக்கிறதும் அந்தச் சுவருதான். இடுப்பளவு சுவரு, மேல கிரில், தெருவைப் பார்த்த வாசல், வேலை செய்யுற விளக்கு, ராத்திரி இத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டணும்னு பெயரோட ஒருத்தருக்குப் பொறுப்பு. இவ்வளவையும் அந்த ஆதரவுக் கடிதத்துலயே எழுதிடுங்க.

ஆட்சேபணைகளைத் தொழில்நுட்பக் குழு பார்க்கும், அப்புறம் குழுமக் கூட்டம், அதுக்கப்புறம் அரசிதழ்ல அறிவிப்பு. அன்னைக்குத்தான் மஞ்சள் பச்சையாகுது.

[திரையில்: மறுபடி அந்தத் துருப்பிடித்த பலகை.]

முதல்ல காட்டின அந்த வேலிக்குத் திரும்பி வருவோம். அது ஓ.எஸ்.ஆர். நிலம். அங்க நீங்க புதுசா எதையும் மாத்த வேண்டியதே இருக்காது. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. உள்ளாட்சி பெயருக்கு எழுதின தானப் பத்திரம் அதுல வரணும். வந்திருந்தா அந்தப் பத்திர எண்ணையும், அங்கீகாரம் ஆன மனைப்பிரிவு வரைபடத்தையும் இணைச்சு, வேலியைத் திறந்து பூங்கா அமைக்கச் சொல்லி மனு கொடுங்க. வரலைன்னா அந்த நிலம் இன்னும் மனை பிரிச்சவர் பெயர்லதான் இருக்கலாம், அப்ப தானப் பத்திரத்தை எழுதி வாங்கச் சொல்லி மனு கொடுங்க. ரெண்டுக்கும் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கு. மனுவுல தெருவுல உள்ள எல்லா வீட்டுக் கையெழுத்தும் இருக்கட்டும், ஒப்புகைச் சீட்டை வாங்காம வராதீங்க.