அடுப்பிலும் குப்பைக் கூடையிலும் தொடங்கும் சூழல் அக்கறை

[காட்சி: அடுப்பின் மேல் மூடியில்லாத பாத்திரம். நீர் தளதளவென்று கொதிக்கிறது.]

வணக்கம். இந்தப் பாத்திரத்தைச் சற்று நேரம் கவனியுங்கள். நீர் கொதித்த பிறகும் தீ முழு அளவில் எரிந்துகொண்டிருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால், தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் வெப்பம் மேலே ஏறாது. உள்ளே இருப்பது சீக்கிரம் வேகப்போவதும் இல்லை, நீர் வற்றுவது மட்டுமே விரைவாகும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு வெப்பம், கொதித்த அந்த நீர் முழுவதையும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. அதனால்தான் கொதி வந்ததும் தீயைத் தணித்துப் பாத்திரத்தை மூடிவைக்கச் சொல்கிறோம்.

[காட்சி: குளியலறை. வாளியில் வெந்நீர் நிரம்புகிறது.]

வீட்டில் ஆற்றலை அதிகம் விழுங்குபவை பெரும்பாலும் சூடாக்கும், குளிரூட்டும் வேலைகளே. 20 லிட்டர் நீரை 20 டிகிரி மட்டும் சூடேற்ற ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதே மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று 50 மணி நேரம் எரியும். ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது வெந்நீரின் மீது காட்டினால் பலன் பல மடங்காகும். சாதாரண அழுக்குத் துணிகளுக்குக் குளிர்ந்த நீரே போதும்.

[காட்சி: அலமாரியில் மடித்து வைத்த துணிப்பைகள்.]

பொருள்களைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். ஏற்கெனவே கையில் இருப்பதை நீண்ட காலம் பயன்படுத்துங்கள். பருத்தி விளைவிக்க நிறைய நீர் வேண்டும் என்பதால், பத்துத் துணிப்பைகளை வாங்கி அடுக்கி வைப்பதைவிட ஒரே பையை நூல் பிரியும்வரை எடுத்துச் செல்வதே சூழலுக்கு உகந்தது. கைப்பேசி ஒன்றினால் உண்டாகும் கரிமப் புகையில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன், உற்பத்தியின்போதே வெளியாகிவிடுகிறது. எனவே பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்ட முடிந்தால் அப்படியே செய்யுங்கள்.

[காட்சி: குப்பைக் கூடை. மீந்த உணவு கொட்டப்படுகிறது.]

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தக் காட்சி. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது. குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளிவிடுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்க வல்லது. ஆகவே கடைக்குப் புறப்படுமுன் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். முதலில் கெடக்கூடியதைக் கண்ணில் படும் இடத்தில் முன்னால் வையுங்கள்.

[காட்சி: துளையிட்ட தொட்டி. காய்கறித் தோல், அதன் மேல் சருகு.]

அப்படியும் மிஞ்சும் காய்கறித் தோலை உரமாக்கலாம். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு சருகைப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். காற்று உள்ளே போய்வந்தால் மீத்தேன் பெரும்பாலும் உருவாகாது. கையில் எடுத்துப் பிசைந்தால், பிழிந்த துணியைப்போல் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நாற்றம் அடித்தால் பலர் தொட்டியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. ஈரம் கூடிக் காற்று குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். இன்னும் கொஞ்சம் சருகு சேர்த்துக் கிளறினால் சரியாகிவிடும். சில மாதங்களில் தோலும் இலையும் அடையாளம் தெரியாமல் கருத்துப் பொலபொலவென்று உதிரும், முதல் மழை நனைத்த மண்ணின் வாசம் வரும். அப்போது செடிக்குப் போடலாம்.