மதியம் ஒரு மணி ஜெர்மன் வாசிப்பு

வணக்கம் மக்களே. லிங்கன் நகரத்திலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹாம்ப்டன் ஊர்ப்பக்கம். சுற்றிலும் மக்காச்சோளம்தான். காற்று மைக்கில் அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே குடியேறிய ஜெர்மன் லுத்தரன் விவசாயிகள் சர்ச்சோடு பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். ஏன் தெரியுமா? லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் சிறு நூலைத் திறந்தால், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தலைப்பிலேயே இருக்கும். பாதிரியார் இல்லை, அப்பா! அந்த அப்பா ஜெபம் செய்வது ஜெர்மனில். பிள்ளைக்கு அது புரிய வேண்டாமா?

முதல் உலகப்போரில் ஜெர்மன் எதிரி மொழியாகிவிட்டது. 1919-ல் நெப்ராஸ்கா ஒரு சட்டம் போட்டது. எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு அந்நிய மொழி சொல்லித்தரக் கூடாது, சர்ச் பள்ளியிலும்கூட. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் பரவாயில்லையாம், மாநில நீதிமன்றமே அப்படி விளக்கம் சொன்னது. பாட்டி பேசுகிற மொழிக்குத்தான் தடை. படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, இந்த ஊர் லுத்தரன் சர்ச் நடத்திய சீயோன் சபைப் பள்ளிக்கு வருவோம். ஆசிரியர் ராபர்ட் மேயர். மதிய இடைவேளையை நீட்டி, 1 மணியிலிருந்து 1.30 வரை, பாட வேளைக்கு வெளியே ஜெர்மன் வாசிக்க வைத்தார். 1920 மே 25. பத்து வயதுப் பையன் ஒருவன் பைபிளில் யாக்கோபு கனவில் கண்ட ஏணியின் கதையை வாசிக்கிறான். அந்த நேரம் பார்த்து கவுண்டி அரசு வக்கீல் வந்து நிற்கிறார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் அவர் பேசாமல் போயிருப்பார், அது மேயருக்கும் தெரியும். பின்னாளில் மேயரே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் மாறவில்லை. வாசிப்பு ஜெர்மனிலேயே நடந்தது.

25 டாலர் அபராதம். பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து ஆராதிக்கத்தான் இந்த மொழி என்று சபை சொன்னதை மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு வாஷிங்டன் வரை போனது. 1923 ஜூன் 4-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் மேயர் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பு. சட்டம் செல்லாது.

அந்தப் பையனுக்கு அதற்குள் 13 வயது ஆகியிருக்கும். லுத்தரன் வீடுகளில் அது திடப்படுத்தலுக்கு, அதாவது விசுவாசத்தைச் சபை முன் தானே அறிக்கையிடும் சடங்குக்கு, ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்கிற வயது.