ஆப் சொன்ன பெயரை விடுங்கள், காளானைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே. போன வீடியோவில் இலங்கை மலைநாட்டு நானுஓயா பக்கம் சைப்ரஸ் மரத்தடியில் காட்டினேனே, ஒரு முழ அகலக் காளான், அதற்கு இன்றைக்குப் பெயர் சொல்லாமல் விடப்போவதில்லை. கமெண்டில் பாதிப்பேர் 'ஃபோமிடாப்சிஸ் பினிகோலா' என்று அடித்துச் சொல்கிறீர்கள். எல்லாரும் ஒரே ஆப்பில்தான் படத்தைப் போட்டிருக்கிறீர்கள், தெரிகிறது! எனக்கு இந்த ஆப்களைக் கண்டாலே ஆகாது. ஊசியிலை மரத்தையும் சிவந்த விளிம்பையும் பார்த்தால் அவ்வளவுதான். உடனே குளிர்நாட்டுக் காட்டுப் பெயரை நீட்டிவிடும். இலங்கையில் இயற்கையாக ஊசியிலை மரமே கிடையாது. சைப்ரஸ், பைனஸ் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மரத்தை வைத்துப் பெயர் சொல்வது இங்கே செல்லாது.

சரி, அடிப்பக்கம் வாருங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. செவுள் மடிப்பு இல்லை, பொடிப்பொடித் துளைகள்தான். இந்த லென்ஸில்தான் தெரிகிறது.

நகத்தால் கீறுகிறேன். கோடு உடனே பழுப்பாகிவிட்டது பாருங்கள். இப்படிக் கீறிப் படமே வரைகிறார்கள். இது கனோடெர்மா என்கிற காளான் வகையின் குணம். இன்னும் சந்தேகமா? காளானின் முதுகிலும் பக்கத்துப் பாசியிலும் கொக்கோ கொட்டினதுபோலப் பழுப்புத் தூள். அடியிலிருந்து உதிர்ந்த வித்துத்தூள் காற்றில் ஏறி மேலேயே படிந்திருக்கிறது. பினிகோலாவின் தூள் வெளிறி இருக்கும், இப்படிப் பழுப்பாக வராது. முடிந்தது கதை!

அப்புறம், முதலிலேயே காட்டியிருக்க வேண்டியது, இது முளைத்திருக்கிற கட்டை. பினிகோலா தின்ற மரம் பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடிக்கும். இது வெளுத்துப்போய், விரலால் இழுத்தால் நார்நாராக வருகிறது. அட, அட்டை வேறு ஏறிவிட்டது, ஒரு நிமிஷம்.

சரி. கனோடெர்மாவில் அப்லனேட்டம் இனமா, ஆஸ்ட்ரேல் இனமா என்று பிரிக்க வித்துகளின் அளவைப் பார்க்க வேண்டும். ஆஸ்ட்ரேலுக்குக் கொஞ்சம் பெரிசு. அதற்கு இந்த லென்ஸ் போதாது. தூளைக் கடதாசியில் தட்டி மடித்து வைத்திருக்கிறேன். கண்டிப் பக்கம் மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.