சுடுதண்ணி ஹீட்டரும் முளைப் பார்லியும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

போன மாசி மாதம் இணுவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். கனடாவில் படிப்பை முடித்துக்கொண்டு வந்திருந்த அந்த வீட்டுப் பெடியன் என்னைத் தனியே கூப்பிட்டு, "பெரியப்பா, நீங்கள் கரண்ட் வேலை தெரிஞ்சவர். எங்கட பாத்ரூம் ஹீட்டரிலை பியர் காய்ச்சலாமோ?" என்று கேட்டான். அங்கே அவனோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் ஹீட்டர் கொயிலைக் கொண்டு வீட்டிலேயே பியர் வடித்ததைக் கண்டிருக்கிறான். குசினிக்குள் நின்ற தாய்க்கும் கேட்டுவிட்டது. "அண்ணை, உவனுக்கு உதொண்டும் சொல்லிக் குடுத்திடாதேங்கோ" என்றா அவ.

ஆனால் நான் சொல்லிக் கொடுத்தேன். சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். குடிப்பதைப் பற்றிய பேச்சு இல்லை இது. சூட்டையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பற்றியது.

முதலில் சட்டம். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் வடிப்பது குற்றம். பிரித்தானியாவில் 1963 ஆம் ஆண்டிலிருந்து, விற்காமல் தன் வீட்டுக்கு வடிப்பவருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978 இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்த வழியைத் திறந்தது. ஆகவே வடிக்கிற கதை முழுவதும் நான் மின்வேலை செய்து வாழ்ந்த லண்டனில் நடந்த கதை.

எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு கேள்வி வரும். கள்ளுக்கு அடுப்பே தேவையில்லையே, பியருக்கு ஏன் சூடு? பனம்பாளையில் இருந்து வடிவது சீனி கலந்த நீர். முட்டியில் விழுந்ததும் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவம், அதாவது ஈஸ்ட், தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிடும். அதைத் தடுத்துக் கருப்பநீராக எடுக்கத்தான் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறார்கள். பார்லியில் இருப்பதோ மா. மதுவத்துக்கு மாவைத் தின்னத் தெரியாது. அதனால் பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு, முளை நீளமுன் காயவைக்கிறார்கள். குரக்கனை முளைக்கவைத்துக் காயவைத்து மாவாக்குகிற அதே கைவேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் இரண்டு நொதியங்கள், அதாவது என்சைம்கள், வேலைக்குத் தயாராகின்றன. இடித்த முளைப் பார்லியை வெந்நீரில் கரைத்து ஒரு மணித்தியாலம் வைத்தால் அவை மாவைச் சீனியாக உடைக்கும். ஒன்றுக்கு 60 முதல் 65 பாகை வரை பிடிக்கும், மற்றதுக்கு 70 பாகைக்குக் கிட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 66 பாகையில் வைத்திருப்பதுதான் வழக்கம். குறைந்தால் வேலை இழுபடும். 80 ஐத் தாண்டினால் இரண்டும் கெட்டுப்போய், கையில் மிஞ்சுவது வெறும் பார்லிக் கஞ்சி.

இந்த 66 பாகைக்காகத்தான் ஆட்கள் ஹீட்டரைத் தேடுகிறார்கள். விறகடுப்பில் அதைப் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று பனங்கட்டி காய்ச்சியவர்களுக்குத் தெரியும்.

பாத்ரூம் ஹீட்டர் என்றால் என்ன? ஒரு தாங்கி, அதற்குள் ஒரு கொயில், சூட்டைப் பார்த்துக் கரண்டை நிறுத்துகிற ஒரு தெர்மோஸ்டாட், அது பிழைத்தால் முழுவதையும் வெட்டிவிடுகிற இன்னொரு சுவிட்ச். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 60 பாகை அளவில் இருக்கும். வெந்நீரை ஆறிய பார்லியில் ஊற்றும்போது சூடு இறங்கும் என்பதால், கலவை 66 இல் நிற்க வேண்டுமானால் தண்ணீர் 73 அளவில் இருக்க வேண்டும். பிறகு தவிட்டை வடித்தெடுத்த சாற்றைக் கொதிக்கவைப்பதற்கோ 100 வேண்டும். ஆகவே ஹீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பியர் வராது. சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு நேரே கரண்ட் கொடுக்கப் பார்க்கிறார்கள். அடைபட்ட தாங்கிக்குள் தண்ணீர் கொதித்தால் அது வெடிகுண்டு. இங்கிலாந்தில் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் கூரைக்குள் இருந்த பிளாஸ்டிக் தாங்கிக்கு ஏறி, அது உருகி விழுந்து ஒரு குழந்தை இறந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு பதறும்.

இன்னொன்று. அந்தத் தாங்கித் தண்ணீர் வாயில் வைக்க உகந்ததல்ல. தாங்கி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே மக்னீசியத்தாலோ அலுமினியத்தாலோ ஆன ஒரு கம்பி நிற்கும். அது தான் கரைந்து தாங்கியைக் காப்பாற்றுகிற கம்பி. கரைந்தது எங்கே போகும்? தண்ணீருக்குள்தான். குளிக்கலாம், பாத்திரம் அலசலாம். தேத்தண்ணிக்கும் சமையலுக்கும் எடுக்க வேண்டாம்.

ஆகவே லண்டனில் நாங்கள் செய்தது வேறு. தாங்கியை விட்டுவிட்டு, கடையில் புதிதாக ஒரு கொயில் வாங்கி, ஒரு பெரிய ஸ்டெயின்லெஸ் கிடாரத்தின் அடிப்பக்கத்தில் துளை போட்டுப் பூட்டினோம். 3 கிலோவாற்றுக் கொயில். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். 25 லீற்றரை 30 பாகையிலிருந்து கொதிக்கும்வரை ஏற்ற, வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், 40 நிமிடம் சொச்சம். கணக்கு நேர்த்தியாக இருந்தது.

முதல் தரம் வடித்ததை முழுவதும் வெளியே ஊற்றிவிட்டோம். நான் பார்லித் தவிடு கிடக்கும்போதே கொயிலைப் போட்டுவிட்டேன். தவிடு கொயிலில் ஒட்டிக் கருகி, கிடாரம் முழுக்க அடிப்பிடித்த பாற்சோற்று வாசம். ஐந்து கிலோ பார்லி வீண். அன்று விளங்கியது இதுதான்: தண்ணீருக்கென்று செய்த கொயிலின் மேற்பரப்பு சின்னது, ஒரு விரலகலத்தில் அது கொட்டுகிற சூடு பெரியது. வெறும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். சீனிப்பாகு ஓடாது, நின்று கருகும். அதனால் அங்கே விஷயம் தெரிந்தவர்கள், அதே வாற்றில் நீளமாய் மடித்த கொயிலைத் தேடி வாங்குகிறார்கள். சூடு பரவலாக இறங்கும். தவிட்டை வடித்த பிறகே சுவிட்சைப் போடுவார்கள். கொயில் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். வெளியே தெரியும் கொயில் சில விநாடியில் எரிந்துபோகும்.

பனங்கட்டி காய்ச்சுகிறவர்கள் சிலர் என்னிடம் கொயில் பூட்டித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் மறுத்தேன். கருப்பநீரில் சுண்ணாம்பு இருக்கிறது, அது கொயிலில் கல்லாகப் படியும். வற்ற வற்றப் பாகு தடித்து, அகப்பை போகாத இடமெல்லாம் கருகும். அந்த வேலைக்கு அகன்ற தாச்சியும் அடியில் நெருப்பும் நிற்கிற ஆளும்தான் சரி.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியம் சூடானதும் வெள்ளையாய்ப் படியும். கேத்தலின் அடியில் நீங்கள் பார்ப்பது அதுதான். லண்டன் தண்ணீரும் அப்படியே. பியரின் சரித்திரமே தண்ணீரின் சரித்திரம்: செக் நாட்டின் பில்சன் நகரத்து மென்நீரில் பில்ஸ்னர் என்கிற வெளிர்ப் பியர் பிறந்தது. டப்ளினிலும் லண்டனிலும் சுண்ணாம்புத் தண்ணீருக்கு ஒத்துவந்தது வறுத்த பார்லியின் கருப்புப் பியர். வறுத்த தானியத்தின் புளிப்பு அந்தச் சுண்ணாம்பைச் சமன் செய்கிறது. ஒவ்வொரு ஊரும் தன் கிணற்றுக்கு ஏற்றதைக் காய்ச்சியிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கல் படிந்த கொயில் சூட்டை வெளியே விடாது. உள்ளே கொதித்து வெடித்து, கரண்ட் தண்ணீருக்குள் கசியும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு ஊறவைத்தால் படிவு கரையும். அதற்குமுன் கரண்டை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள்.

இனி எர்த். 3 கிலோவாற்றுக் கொயில் 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். அது எங்கள் பிளக்கின் உச்ச எல்லை. சுருட்டிக் கிடக்கும் எக்ஸ்டென்சன் வயரில் மாட்டினால் சுருளுக்குள் வயர் உருகும். கிடாரத்தின் உடலுக்கும் எர்த் கட்டவேண்டும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஈரத்தரையில் இந்த வேலை செய்யவே கூடாது. ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, மாதம் ஒருதரம் அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அது சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் பெட்டி மட்டும்தான்.

இவ்வளவும் சொல்லி முடிய அந்தப் பெடியன், "அப்ப எங்கட ஹீட்டருக்குள்ளை என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாப்பமோ பெரியப்பா?" என்றான். மெயின் சுவிட்சை நிறுத்தி, தண்ணீரை வடித்து, கழற்றினோம். அரைவாளி வெள்ளைக் கல் கொட்டியது. மக்னீசியக் கம்பி இருந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு இரும்புதான் மிச்சம். மூடியைத் திறந்து வயரைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. எர்த்துக்கான பச்சை மஞ்சள் வயர் எங்கேயும் பூட்டப்படாமல் மடித்து உள்ளே தள்ளியிருந்தது. மூன்று வருடமாக அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் குளித்திருக்கிறார்கள். தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா, ஒன்றும் பேசவில்லை. அன்று பின்னேரமே புதுக் கம்பி வாங்கி, எர்த்தைக் கட்டி, பொத்தானை அழுத்தினோம். ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது.

நன்றி, வணக்கம்.