இருநூறு எதற்கு?

வணக்கம். மைக் கேட்கிறதா? பின்வரிசையில் இருப்பவர்கள் கையைக் காட்டினால் போதும்.

இந்த அறையில் சிறுநீரகக் கல் வந்தவர்கள் எத்தனை பேர்? வெட்கப்படாதீர்கள், நானும் ஒருவன். தண்ணீர் குடிக்காமல் கிடங்கில் நின்ற காலத்துச் சம்பாத்தியம் அது. வயிற்றைக் கிழிக்காமல், வெளியிலிருந்து அதிர்வலையை அனுப்பிக் கல்லைத் தூளாக்கும் இயந்திரம் ஒன்று உண்டல்லவா? சில வகை இயந்திரங்களுக்குள்ளே ஒரு சின்ன மின்சுவிட்ச் இருக்கும். ஸ்பார்க் கேப் என்பார்கள். தேக்கி வைத்த மின்சாரம் முழுவதையும் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு போன்ற நேரத்தில் திறந்துவிடும். அணுகுண்டை வெடிக்க வைக்கவும் இதே சுவிட்ச் பயன்படும்.

2003-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த ஒரு வியாபாரி, அமெரிக்காவில் செய்யப்படும் இந்தச் சுவிட்சில் 200 வாங்கப் பார்த்தார். அதே நாட்டின் சொவெட்டோவில் உள்ள மருத்துவமனைக்கு என்று காகிதம் சொன்னது. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனை வழக்கமாக வாங்குவது ஐந்தோ ஆறோதான். சொவெட்டோவில் அத்தனை பேருக்கா கல்? சரக்கு உண்மையில் போக வேண்டிய இடம் பாகிஸ்தான்.

இன்று நான் பேச வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இந்த ஒரு ஆர்டரை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நம் சிங்கப்பூரில் இதற்கு உத்திபூர்வப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று பெயர். 2002-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2003 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர்ச் சுங்கத்துறை நடத்துகிறது. ஆயுதங்களுக்கு ஒரு பட்டியல், சாதாரண வேலைக்கும் ஆயுத வேலைக்கும் ஆகக்கூடிய இருவகைப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு இன்னொன்று. முதல் பட்டியலில் யாருக்கும் குழப்பமில்லை. பீரங்கிக் குண்டைப் பார்த்து இது என்ன என்று கேட்கிறவர் இல்லை. தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது.

அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு. நான் சொன்ன சுவிட்ச் 3ஏ228. முதல் எண் 3 என்றால் மின்னணுப் பொருள். பூஜ்யம் அணுசக்தி, 1 சிறப்பு மூலப்பொருள்கள், 6 உணரிகளும் லேசர்களும், இப்படியே 9 வரை. அடுத்த எழுத்து ஏ என்றால் சாதனம், சி என்றால் மூலப்பொருள், டி மென்பொருள், ஈ தொழில்நுட்ப அறிவு. அறிவை வெளியே அனுப்பவும் பெர்மிட், அதாவது அரசு அனுமதி, வேண்டும், கவனியுங்கள். கட்டுப்பாட்டில் உள்ள ஒரு வரைபடத்தை ஜூரோங்கில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணில் சரக்கு போனது போலத்தான். இன்ஜினியர் தம்பிகள் இங்கே நிறைய இருப்பதால் சொல்கிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் கிளார்க்குகள் செய்யும் தவறு ஒன்று. பெர்மிட் விண்ணப்பத்தில் எச்எஸ் எண், அதாவது சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண், போடுகிறோம் இல்லையா, அதை வைத்தே பொருள் சாதாரணமா கட்டுப்பாட்டில் உள்ளதா என்று முடிவு கட்டிவிடுவார்கள். எச்எஸ் எண் வரிக்கும் புள்ளிவிவரத்துக்கும் பிறந்தது. ஒரே எச்எஸ் எண்ணுக்குள் வீட்டுக் கேமராவும் இருக்கும், இரவில் உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் கேமராவும் இருக்கும். தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளை எடுத்துப் படிக்காமல் வழியே இல்லை. சோம்பல் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

இனித்தான் முக்கியமான இடம். பொருள் பட்டியலில் இல்லாவிட்டாலும் சட்டம் விடாது. அணு, உயிரியல், இரசாயன ஆயுதத்துக்கோ அவற்றைத் தூக்கிச் செல்லும் ஏவுகணைக்கோ அது போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், அல்லது அதிகாரிகள் தெரிவித்திருந்தால், அல்லது சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், பெர்மிட் இல்லாமல் அனுப்பக்கூடாது. அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். “எனக்குத் தெரியாதுங்க” என்று கையை விரிக்கிற வழியை அது அடைத்துவிடுகிறது. முதல் தடவைக் குற்றத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அல்லது சரக்கின் மதிப்பில் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம். இரண்டு ஆண்டுவரை சிறை. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

என் கதை ஒன்று. கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளில் சாதாரணமாகப் புழங்கும் அழுத்த உணரிகள் உண்டு. யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களுக்கும் அதே குடும்பத்து உணரிகள் வேண்டும். பட்டியல் சொல்லும் துல்லியத்துக்கு ஒரு படி கீழே உள்ளவற்றுக்கு ஒரு சமயம் ஆர்டர் வந்தது. வாங்குகிறவர் ஒரு சிறிய அலுவலகம். உணவு பதப்படுத்தும் ஆலைக்கு என்றார்கள். பெறுநர் முகவரியில் ஆலை இல்லை, வேறொரு ஃபார்வர்டர், அதாவது சரக்கை வாங்கி மேலே அனுப்பிவைக்கும் நிறுவனம். உத்தரவாதம் கேட்கவில்லை, பொருத்தித் தர ஆள் கேட்கவில்லை, முழுப் பணமும் முன்கூட்டியே வந்துவிட்டது. எங்கள் முதலாளி தவுக்கேக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பட்டியல்ல இல்லையே, அனுப்பு” என்றார். நான் ஃபோன் போட்டு, உங்கள் ஆலைக் குழாயில் அழுத்தம் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டேன். பிறகு சொல்கிறோம் என்றார்கள். மறுநாள் ஆர்டர் ரத்து.

அது கெட்ட ஆர்டர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை நிஜமாகவே மாம்பழச்சாறு ஆலையாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டு என் போனஸ் குறைந்தது, அது நன்றாகத் தெரியும்.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை கெடுபிடி என்று சிலர் கேட்பார்கள். 2024-ல் நம் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், இருபதடிப் பெட்டிக் கணக்கில், 4 கோடிக்கும் மேல். பெரும்பகுதி ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து முடியுமா? காவிரிப்பூம்பட்டினத்தில் சோழனின் ஆட்கள் மூட்டைக்கு மூட்டை புலி முத்திரை குத்தினார்கள்; அவர்கள் காலத்தில் மூட்டைகள் எண்ணக்கூடியவையாக இருந்தன. அதனால்தான் நம் சட்டம் ஏற்றுமதியோடு நிற்காமல், இங்கே கைமாறிப் போகும் சரக்கையும் கடந்து போகும் சரக்கையும், இங்கிருந்தபடி தரகு பேசுவதையும் பிடிக்கிறது.

பட்டியலை எழுதுவது யார்? இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆயுதங்கள், இருவகைப் பொருள்கள் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வாஸெனார் உடன்பாடு என்று 42 நாடுகள் சேர்ந்த குழு, 1996 முதல் இயங்குகிறது. சிங்கப்பூர் அதில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் நம் பட்டியல் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. உலகத்துக்கே ஆயுதம் விற்கிற நாடுகள் அந்தக் குழுவில் உட்கார்ந்து, நம்மிடம் உணரிக்குக் கணக்குக் கேட்கின்றன. கசக்கத்தான் செய்கிறது. ஆனால் 1980-களில் ஈராக் வீசிய கடுகு வாயு என்ற நச்சு ஆயுதத்தின் மூலப்பொருள்களில் ஒன்று தயோடைகிளைகால். பேனா மைக்கும் துணிச் சாயத்துக்கும் ஆகிற ரசாயனம், வியாபாரிகள் கைவழியே போனது. அதை நினைத்தால் என் கசப்பை ஓரமாக வைத்துவிடுகிறேன்.

மற்ற நாட்டுச் சட்டமெல்லாம் இங்கே செல்லுமா என்பது அடுத்து வரும் கேள்வி. வேறொரு நாடு தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஏற்றுமதித் தடையை நடத்திக் கொடுக்கும் சட்டக் கடமை நமக்கில்லை என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. ஆனால் 2025 பிப்ரவரியில் உயர்ரகச் சில்லுகள் இருந்திருக்கக்கூடிய கணினி சர்வர்கள் தொடர்பாக மூன்று பேர்மீது இங்கே சுமத்தியது மோசடிக் குற்றச்சாட்டு. இறுதியில் பயன்படுத்தப்போவது யார் என்பதில் விற்றவர்களிடம் பொய் சொன்னதாக வழக்கு. தீர்ப்பைப் பற்றி நான் பேச மாட்டேன். கேள்வியைக் கவனியுங்கள்: யார் பயன்படுத்தப் போகிறார்? சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம்.

நேரமாகிவிட்டது என்று தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த 200 சுவிட்ச் என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் அக்கா கேட்கிறார்கள், அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து பெயர் சொல்லாத ஒருவர் அமெரிக்க அதிகாரிகளுக்குத் துப்புக் கொடுத்தார். முதல் தவணையாக 66 சுவிட்சுகளை, வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டு அனுப்பினார்கள். அவை போன பாதையைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2004 ஜனவரி 1-ஆம் தேதி, குடும்பத்தோடு பனிச்சறுக்கு விடுமுறைக்கு டென்வர் விமான நிலையத்தில் வந்திறங்கிய வியாபாரியைக் கைது செய்தார்கள். மூன்று ஆண்டு சிறை. துப்புக் கொடுத்தவர் எங்காவது ஓர் அலுவலகத்தில் ஆர்டர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த கிளார்க்காக இருக்கும் என்று நானாகவே கற்பனை செய்துகொள்கிறேன். ஆதாரம் எதுவும் கிடையாது.