கியர் பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி இந்த ரப்பர் எல்போவைப் பாருங்க!

வணக்கம் மக்களே. இன்னிக்குப் பாதி கடுப்பு, பாதி சந்தோஷம். போன வீடியோவுல என்னோட பழைய நோவா காரை ஓட்டிக் காட்டினேன்ல, ஃபர்ஸ்ட் கியர்லேருந்து செகண்டுக்கு மாறாம இழுத்துக்கிட்டே போய், கடைசியில முதுகுல குத்துற மாதிரி மாறுச்சே, அதுக்கு உங்கள்ல பாதிப் பேர் என்ன எழுதியிருக்கீங்க? "கிளட்ச் காலி, பாக்ஸை இறக்கு, பிரிச்சு ரீபில்ட் பண்ணு." ஏங்க, எடுத்த எடுப்புல ரீபில்டா? எண்ணெய்க் கோலைக்கூட இழுத்துப் பாக்காம?

இதோ, கிட்டக் காட்டுறேன். ஃபோகஸ் ஆகுதா? கட்டைவிரல் அளவு ரப்பர் எல்போ, அதாவது முழங்கை மாதிரி வளைஞ்ச குட்டிக் குழாய். மடிச்சா உள்பக்கம் விரிசல் தெரியுது பாருங்க. வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது. அந்த உதை அத்தனைக்கும் காரணம் இந்தத் துண்டுதான்.

புதுசா வந்தவங்களுக்கு: வண்டி 72 செவர்லே நோவா, பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. 1969-லேருந்து 84 வரைக்கும் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) போட்ட மூணு கியர் ஆட்டோமேட்டிக். இதுல கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. வண்டி எவ்வளவு வேகத்துல போகுதுன்னு கவர்னர் சொல்லும். இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்குதுன்னு வேக்குவம் மாடுலேட்டர் சொல்லும். வேக்குவம்னா இன்ஜின் காத்தை உறிஞ்சுற இழுப்பு. மாடுலேட்டர்ங்கறது பாக்ஸோட வலப்பக்கம் பின்னாடி சொருகியிருக்கிற தகர டப்பி. உள்ள ஒரு டயஃப்ரம் (மெல்லிசான சவ்வு), ஒரு ஸ்பிரிங். இன்ஜின்லேருந்து வேக்குவத்தை இந்த டப்பிக்குக் கொண்டுவர்ற குழாயோட வழியிலதான் அந்த எல்போ இருக்கு.

ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சா மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) வேக்குவம் நிறைய இருக்கும், ஆயில் பிரஷர் குறையும், கியர் சீக்கிரமா மெத்துன்னு மாறும். அழுத்தி மிதிச்சா வேக்குவம் விழும், பிரஷர் ஏறும், லேட்டா, இறுக்கமா மாறும். இப்ப வழியில ஒரு எல்போ கிழிஞ்சா? நீங்க சும்மா உருட்டிக்கிட்டுப் போனாலும், பாக்ஸ் நீங்க ஃபுல் திராட்டில்ல இருக்கிறதா நினைச்சுக்கும். நார்மலா லேசான மிதிக்கு 15 மைல் வேகத்துக்குள்ள செகண்ட் விழணும். இது ரெண்டு மடங்கு தாண்டியும் ஃபர்ஸ்ட்லயே கத்திக்கிட்டு இருந்துச்சு. பார்க்குலேருந்து டிரைவுக்குத் தள்ளினாலே டங்குன்னு ஒரு அடி. அந்த அடியும் லேட் ஷிஃப்டும் சேர்ந்து வந்தா முதல் சந்தேகம் வேக்குவம் மேலதான் போகணும். பாக்ஸுக்குள்ள இருக்கிற கிளட்ச் தேஞ்சா வழுக்கும், இன்ஜின் வீணா உறுமும். உதைக்காது.

எப்படி செக் பண்றதுன்னு பாத்துடலாம். வேக்குவம் கேஜை மேனிஃபோல்டுல மாட்டிப் பாத்துட்டு "18 இன்ச் இருக்கு, சூப்பர்"னு நிறுத்திடாதீங்க. அங்க நல்லாத்தான் காட்டும். இன்ச்ங்கறது இங்க வேக்குவத்தை அளக்கிற பாதரச இன்ச். கீழ படுத்து, மாடுலேட்டர் முனையில ஹோஸைக் கழட்டி அங்க கேஜை மாட்டணும். இந்த வண்டியில மேல 18, கீழ 10. நடுவுல 8 இன்ச் எங்க போச்சு? அப்பறம் ஒரு தடவை திராட்டிலை வெடுக்குன்னு தட்டி விடுங்க. முள்ளு சட்டுனு விழுந்து சட்டுனு ஏறணும். ஆடி அசைஞ்சு ஏறினா இரும்புக் குழாய்க்குள்ள அடைப்பு, இல்லன்னா எங்கயோ நசுங்கியிருக்கு.

இருங்க, ஒண்ணை விட்டுட்டேன். ஹோஸைக் கழட்டினதும் கேஜை மாட்டுறதுக்கு முன்னாடி ஹோஸுக்குள்ளயும், அது சொருகுற நிப்பிளுக்குள்ளயும் (மாடுலேட்டர் முனைக் குழாய்) பாக்கணும். சிவப்பா டிரான்ஸ்மிஷன் ஆயில் இருந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருச்சு, அடுத்த பேச்சே இல்ல, மாடுலேட்டரை மாத்துங்க. இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கும், சைலன்சர்ல வெள்ளைப் புகை வரும், கீழ ஒரு சொட்டுகூட ஒழுகாம ஆயில் மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகும். ஆனா உள்ள இருக்கிறது ஆயிலா, இல்ல பெட்ரோல் வாடையோட கொஞ்சம் ஈரமான்னு தொட்டுப் பாத்துடுங்க. பெட்ரோல் ஆவியும் தண்ணியும் அந்தக் குழாய்ல இறங்கித் தேங்குறது சகஜம். அதுக்காக நல்ல மாடுலேட்டரைத் தூக்கிப் போடாதீங்க. சந்தேகமா இருந்தா கைப் பம்பால 15, 20 இன்ச் இழுத்து ஒரு நிமிஷம் விடுங்க. முள்ளு நகரலைன்னா டயஃப்ரம் நல்லாருக்கு. இதுல நகரலை.

அதனாலதான் இந்த எல்போ மேல இவ்வளவு கோபம்! அது உட்காந்திருக்கிற இடம் அப்படி. பக்கத்துலயே எக்ஸாஸ்ட் பைப், நாள் பூரா வேகுது. மாத்தும்போது கையில கிடைக்கிற மெல்லிசு ஹோஸை வெட்டிச் சொருகிடுறாங்க பாருங்க, அதை நான் எத்தனை வீடியோவுல திட்டியிருக்கேன். மெல்லிசு ஹோஸ் சூடானதும் இளகும், வேக்குவம் இழுத்ததும் உள்பக்கமா ஒட்டிக்கும். காலையில குளிர்ச்சியா இருக்கும்போது நல்லா மாறும், அரை மணி நேரம் ஓடினதும் உதைக்கும். நிறுத்தி ஆற வெச்சா திரும்ப நல்லாயிடும். இதைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள உசிரு போயிடும். தடிச்ச சுவர், வேக்குவத்துக்குன்னே வார்த்தது, ஆயில் பட்டா ஊதாதது, வளைவோட வார்த்த எல்போ, அதைத்தான் போடணும். நேர் ஹோஸை மடிச்சு வளைக்கிற வேலையே வேணாம். நிப்பிளை விட ஒரு சைஸ் பெரிசைப் போட்டு கிளாம்ப்பால நெரிக்கிறதும் கூடாது, அப்படி நெரிச்சா ரப்பர் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியா காத்து போகும். கையால தள்ளும்போது முக்கி முனகித்தான் ஏறணும். ஏறிடுச்சு! எனக்கு அதுல இருக்கிற சந்தோஷம் சொல்லி மாளாது.

மேல் முனையையும் விட்டுடாதீங்க. கார்பரேட்டர்ல திராட்டில் பிளேட்டுக்கு மேல இருக்கிற போர்ட்டுல சொருகினா ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது, வேக்குவமே வராது. மேனிஃபோல்டுலேருந்து நேரா எடுக்கணும். பவருக்காகப் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) போட்ட இன்ஜின்ல ஐடில் வேக்குவமே 10, 12-தான் நிக்கும். அங்க ஹோஸ் மேல பழி போட்டுப் பிரயோஜனம் இல்ல, அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய மாடுலேட்டர் போட்டு, நிப்பிளுக்குள்ள இருக்கிற ஸ்க்ரூவைக் கொஞ்சமா வெளிய திருகணும். உள்ள திருகினா பிரஷர் ஏறும்.

மாடுலேட்டரைக் கழட்டுறவங்களுக்கு: ஒரே ஒரு போல்ட், அரை இன்ச் சாக்கெட், ஒரு கவட்டைத் தகடு. ஆயில் கொஞ்சம் வழியும், கீழ தட்டு வைங்க. டப்பி வெளிய வந்ததும் பின்னாடியே ஒரு குட்டி வால்வு நழுவி வரும். அது எந்தப் பக்கமா இருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. புது ஓ-ரிங்ல ஆயில் தடவிட்டுத்தான் சொருகணும், போல்டுக்கு 12 அடி-பவுண்டு போதும்.

இப்ப எல்போ மாட்டி ஓட்டியாச்சு. ஒண்ணு ரெண்டு மாறுறது அழகா இருக்கு. ரெண்டு மூணுதான் இன்னும் லேசா லேட். அடுத்து கிக்டவுன் கேபிள், அழுத்தி மிதிச்சா கியரைக் கீழ இறக்கச் சொல்றது. இது கார்பரேட்டர் லிங்க்கேஜ்லேருந்து பாக்ஸுக்குள்ள போகுது. உறைக்குள்ள துரு புடிச்சு இழுத்த நிலையிலயே நின்னுட்டா, இதுவும் கியரை லேட்டாக்கும். ஃபுல் திராட்டில்ல மட்டும் முழுசா இழுபடணும், காலை எடுத்ததும் தானா திரும்பணும். அதுக்கப்பறம் இடப்பக்கம் கவர்னர். கம்பிக் கிளிப்பை நெம்பினா மூடி வரும், உள்ள பிளாஸ்டிக் கியர் பல்லு தேஞ்சிருக்கான்னு பாக்கணும். கவர்னர் சுத்தலைன்னா ஃபர்ஸ்ட்டை விட்டே நகராது. இங்க மாறுது, அதனால எனக்குக் கேபிள் மேலதான் சந்தேகம். இதுவும் சரியா இருந்தா 300 பிஎஸ்ஐ கேஜை மாட்டி லைன் பிரஷர், அதாவது பாக்ஸுக்குள்ள இருக்கிற ஆயில் பிரஷர் பாப்பேன். 100 கேஜ் வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு மாட்டாதீங்க, ரிவர்ஸ்ல 200-ஐத் தாண்டும்.

ஐயோ, ஆயில் லெவல்! எண்ணெய்க் கோலைப் பத்தி அவ்வளவு பேசிட்டு அதையே சொல்லலை. சமதரையில, நல்லா சூடான பிறகு, இன்ஜின் ஐடில்ல ஓடும்போதே, லீவரை எல்லா நிலைக்கும் ஒரு சுத்து தள்ளிட்டு, பார்க்குல வெச்சுப் பாக்கணும். இன்ஜினை அணைச்சுட்டுப் பாத்தா கன்வர்ட்டர்லேருந்து (இன்ஜினையும் பாக்ஸையும் ஆயிலால இணைக்கிற டார்க் கன்வர்ட்டர்) ஆயில் இறங்கி லெவல் பொய்யா ஏறிக் காட்டும். மாசக் கணக்கா நின்ன வண்டி முதல் சில விநாடி நகராம நிக்கிறதும் இதே காரணம்தான், கன்வர்ட்டர் நிரம்பினதும் கிளம்பிடும்.

பழைய ஆயில் பழுப்பா இருக்கு, கருகின வாடை இல்ல. அதனால ஃபில்டரும் டெக்ஸ்ரான் ஆயிலும் மட்டும் மாத்தப் போறேன். பாக்ஸுக்கு அடியில இருக்கிற ஆயில் தட்டை இறக்கினா இரண்டரை, மூணு லிட்டர்தான் வரும், மிச்சம் கன்வர்ட்டர்லயே இருக்கும். தட்டுக்கு மொத்தம் 13 போல்ட். இறுக்கி இறுக்கி ஓட்டையைச் சுத்தித் தகடு குழிஞ்சிருந்தா, மரக்கட்டையில வெச்சுத் தட்டி நிமித்திட்டுத்தான் மாட்டணும். ரப்பர் கேஸ்கெட் ஆர்டர் போட்டிருக்கேன். கார்க் வந்துச்சுன்னா திருப்பி அனுப்பிடுவேன், உங்களுக்கே தெரியும்.